மூன்றரை ஆள் நீளம்

அருங்காட்சியகத்தின் பின்பக்கம், லாரி வந்து நிற்கிற மேடையை ஒட்டி ஒரு நீளமான அறை இருந்தது. பெட்டியறை என்று அதற்குப் பேர். வெளியூரிலிருந்து வருகிற காட்சிப் பொருள்களை மரப்பெட்டியைப் பிரித்து எடுப்பதும், திரும்பிப் போகிறவற்றை வைக்கோலும் பஞ்சும் வைத்துக் கட்டி ஆணி அடித்து அனுப்புவதும் அங்கேதான். அந்த அறையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறவருக்கு ஆணி என்று பட்டப்பெயர். பிரிக்கிற பெட்டியிலிருந்து ஒரு ஆணியைக்கூட வீசி எறிய மாட்டார். தட்டி நிமிர்த்தி டப்பாவில் போட்டுக்கொள்வார். ஆள் முறைப்பாக இருப்பார், ஆனால் கையில் கண்ணாடிச் சாமானைக் கொடுத்தால் பச்சைப்பிள்ளையை வாங்குகிற மாதிரி வாங்குவார்.

அவரோடு இன்னும் இரண்டு பேர். நெட்டையாக இருந்தவன் ஏணி. குட்டையாக இருந்தவன் முக்கால். மூன்று பேருக்கும் சேர்த்து அந்த அறையில் ஒரு சட்டம் இருந்தது. அளவைச் சொல்லும்போது யாரும் 'பெரிசு' என்று சொல்லக்கூடாது. சொன்னவன் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

சட்டம் சும்மா வரவில்லை. ஒரு தடவை, வரப்போகிற சிலை கொஞ்சம் பெரிசு என்று போனில் யாரோ சொன்னதை நம்பி, திரும்பி அனுப்புவதற்கான பெட்டியை இவர்களும் கொஞ்சம் பெரிசாகவே செய்து வைத்துவிட்டார்கள். பெட்டி சிலைக்குப் பொருந்தியது. அறைக் கதவுக்குப் பொருந்தவில்லை. கடைசியில் நிலையைப் பெயர்த்துத்தான் வெளியே எடுத்தார்கள். அன்றிலிருந்து எல்லாவற்றையும் ஆளால், கையால், கதவால் சொல்வதே வழக்கம். இரண்டு கதவு அகலம், முட்டி உயரம், ஒன்றே கால் ஆள் நீளம். அப்புறம்தான் டேப். டேப்பில் எண் தப்பாகத் தெரியலாம், முக்காலின் முட்டி ஒருநாளும் தப்பாகத் தெரியாது என்பது அவர்கள் கட்சி.

ஆணி படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குமேல் படிப்பு அவரை விட்டது, அவரும் படிப்பை விட்டார். இருபது வயதில் ஒரு சரக்குக் கப்பலில் ஏறி, பதினோரு வருஷம் எண்ணெய்த் துணியும் கையுமாக இருந்தார். கூட இருந்தவர்களில் பாதிப் பேர் ஸ்பானிஷ்காரர்கள். சண்டை போட, சாப்பிட, சீட்டாட, அழ என்று எல்லாவற்றுக்கும் அந்த பாஷை வேண்டியிருந்ததால், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கற்றுக்கொண்டார். இங்கிலீஷும் கப்பலில் வந்ததுதான். ஆனால் கரைக்கு வந்தபிறகு அவர் எழுதிய இங்கிலீஷ் எல்லாம் பெட்டிமேல் கறுப்புப் பெயின்டில் எழுதியதுதான். 'இந்தப் பக்கம் மேலே.' 'நனையாமல் வை.' 'கவனம், உடையும்.' பத்தொன்பது வருஷத்தில் இந்த மூன்றைத் தாண்டி நாலாவது வாக்கியம் ஒன்றை அவர் எழுதியதில்லை.

அந்த வாரம் பதினோரு பெட்டி வந்து இறங்கியது. ஸ்பானிஷ் பேசுகிற ஒரு தேசத்திலிருந்து இரவலாக வந்த எலும்புக்கூடு. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்து அழிந்துபோன ஒரு மிருகம். அசல் எலும்பு இல்லை, அச்சில் வார்த்த நகல்.

"என்ன மிருகம்ணே இது?" என்றான் ஏணி, ஒரு நகத்தைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு.

ஆணி பெட்டிக்குள் இருந்த காகிதத்தைப் பார்த்தார். "சோம்பேறின்னு போட்டிருக்கு."

"யாரை?"

"மிருகத்தோட பேரே அதாண்டா. மரத்துல தொங்கிக்கிட்டே தூங்குமே, அதோட பாட்டனுக்குப் பாட்டன்."

"இவ்வளவு வளர்ந்த சோம்பேறியா!" என்றான் முக்கால். "எங்க அண்ணன் பார்த்தா சந்தோஷப்படுவான். தனக்கு முன்னால ஒரு பரம்பரையே இருந்திருக்குன்னு."

எலும்புகளோடு ஓர் அட்டையும் வந்திருந்தது. அந்த ஊரில் எலும்புக்கூட்டின் பக்கத்தில் தொங்கிய அட்டை. ஐந்து வரி, ஸ்பானிஷில். இங்கே பல பாஷைக்காரர்கள் வந்து போகிறதால் எல்லா அட்டையும் இங்கிலீஷில்தான் தொங்கும். வழக்கமாக ஸ்பானிஷ் பார்த்துக் கொடுக்கிற அம்மாள், பேரன் பிறந்திருக்கிறான் என்று வெளியூர் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் டைரக்டர் அம்மா அட்டையை எடுத்துக்கொண்டு நேராகப் பெட்டியறைக்கு வந்துவிட்டார்.

"மேல கம்ப்யூட்டர்ல போட்டு உங்க மச்சான் ஒண்ணு எழுதிக் குடுத்தார். படிச்சா மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு. உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமாமே?"

மச்சான் என்றது ஆணியின் பெண்டாட்டிக்குத் தம்பி. இரண்டு பட்டம் வாங்கியவன். மாடியில் அட்டை எழுதுகிற பிரிவில் இருந்தான். மாமா பெட்டியைப் பிரித்து வைக்க, மச்சான் அதற்குப் பேர் எழுதி வைப்பான். கீழே இறங்கி வந்தால் மூக்கைத் தடவிக்கொண்டே நிற்பான், மரத்தூள் ஆகாது என்று.

ஆணி அட்டையை வாங்கினார். உதட்டை அசைத்துப் படித்தார். நாலு வரி தண்ணீர் பட்டபாடாக ஓடியது. முதல் வரியின் முதல் வார்த்தையில் நின்றுவிட்டார்.

"டெஸ்கொமுனால்" என்றார்.

"அப்படின்னா?"

ஆணி ஏணியைப் பார்த்தார். ஏணி முக்காலைப் பார்த்தான்.

"என்னய்யா, கெட்ட வார்த்தையா?" என்றார் டைரக்டர் அம்மா. "பெரிசுன்னு அர்த்தமா?"

"சொல்லிட்டீங்கம்மா!" என்று முக்கால் கையைத் தட்டினான். "மூணு டீ!"

சட்டத்தை விளக்கினார்கள். அவர் சிரித்துவிட்டு டீ சொல்லி அனுப்பினார். போகும்போது ஆணியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "சனிக்கிழமை காலைல திறப்பு. வியாழக்கிழமை சாயங்காலம் அட்டை அச்சுக்குப் போகணும். நீங்க எழுதினது நல்லா இருந்தா அதுதான் தொங்கும். இல்லேன்னா மருந்துச் சீட்டுதான்."

ஆணி தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் அன்றைக்கே மண்டைக்குள் புழு புகுந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாகக் காட்சி ஹாலில் அவர் கை படாத பொருள் கிடையாது. ஆனால் கதவு திறக்கிற பத்து மணிக்கு முன்னால், ஒன்பதரைக்கே பெட்டியறைக்காரர்கள் ஹாலை விட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட வேண்டும். ஒருவர் வந்து நின்று பார்த்து வாயைப் பிளக்கிறதை ஒரு நாளும் கண்டதில்லை. இப்போது அந்தச் சுவரில் தன் எழுத்து தொங்கப்போகிறது, அல்லது தொங்காது. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே சவரம் செய்கிற மனிதர் புதன்கிழமை காலையில் கன்னம் பளபளக்க வந்து நின்றதும் மற்ற இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

புதன்கிழமை மச்சான் இறங்கி வந்தான். கையில் ஒரு சீட்டு.

"மாமா, கஷ்டப்படாதீங்க. ஏழு வார்த்தை எழுதியிருக்கேன். ஹியூஜ், ஜயன்ட், எனார்மஸ், இம்மென்ஸ், கொலாசல், மான்ஸ்ட்ரஸ், ஜைகான்டிக். எல்லாம் ஒண்ணுதான். கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைத் தொடுங்க."

"எல்லாம் ஒண்ணுன்னா எதுக்கு மாப்ள ஏழு வெச்சிருக்கான்?"

மச்சான் மூக்கைத் தடவிக்கொண்டு மேலே போய்விட்டான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கம்போல் ஆணி பெண்டாட்டியின் கடைக்குப் போனார். துணி பிரித்துத் தைக்கிற சின்னக் கடை. இடுப்பைப் பிடித்துக் கொடு, காலைக் குறைத்துக் கொடு என்று நாள் முழுக்க ஊரின் அளவு அவள் கையில்தான். கதவைச் சாத்திவிட்டு இருவரும் கடைத்தெரு வழியாக நடந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆணி சீட்டைக் கையில் பிடித்தபடி வந்தார்.

செருப்புக் கடை வாசலில் நின்றார். கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் 'ஹியூஜ்' தள்ளுபடி.

"முதல் வார்த்தை போச்சு" என்றார்.

"ஏன் போகணும்?"

"செருப்புக்காரன் வாயில விழுந்த வார்த்தை. அதை எடுத்துக் கழுவி அந்த மிருகத்துக்கு மாட்டச் சொல்றியா?"

அவளுக்கு விளையாட்டுப் பிடித்துப்போயிற்று. சீட்டைப் பிடுங்கி எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே தெருவைத் தேட ஆரம்பித்தாள். சோப்புத் தூள் பாக்கெட்டில் ஜயன்ட் கிடைத்தது. ஐஸ்கிரீம் கடையில் கொலாசல் கப். உடற்பயிற்சிக் கூடத்து மாடியில் ஜைகான்டிக் ஆஃபர். மெத்தைக் கடையில் இம்மென்ஸ் சுகம்.

"மான்ஸ்ட்ரஸ் இல்லியே?" என்றாள்.

"அந்த செல்போன் கடையில பாரு. மான்ஸ்டர் பேட்டரியாம். அண்ணனோ தம்பியோ, ஒரே குடும்பம்."

"ஆனா இந்த எனார்மஸ் மட்டும் எங்கயும் இல்லை பாருங்க. கல்யாணம் ஆகாத பொண்ணு மாதிரி தனியா நிக்குது. இதையே எழுதுங்க!"

ஆணிக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தத் தெம்பு அவர்கள் குடியிருந்த கட்டிடத்தின் படிக்கட்டு வரைக்கும்தான் இருந்தது. அங்கே வீட்டுக்காரர் ஒட்டியிருந்த காகிதத்தில், இரண்டாம் மாடியிலிருந்து எனார்மஸ் சுத்தியல் சத்தம் வருவதாக எழுதியிருந்தது. இரண்டாம் மாடி என்றால் இவர்கள்தான். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பழைய ஆணிகளை அவர் தட்டி நிமிர்த்துகிற சத்தம்தான்.

பெண்டாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆணி சீட்டை நாலாக மடித்துப் பையில் போட்டார்.

சாப்பிடும்போது கேட்டாள்: "அந்த வார்த்தையில அப்படி என்னதாங்க இருக்கு?"

"கப்பல்ல எங்க மேஸ்திரி ஒருத்தர் இருந்தார். ஸ்பானிஷ்காரர், தொப்பைக்காரர். அளந்துவிடறதுல மன்னன். அவர் பிடிச்ச மீன் எல்லாம் ஆள் உசரம். ஆனா இந்த வார்த்தையை மட்டும் லேசுல செலவு பண்ண மாட்டார். பதினோரு வருஷத்துல மூணே தடவைதான் அவர் வாயில கேட்டிருக்கேன். ஒண்ணு, ஒரு அலை. இன்னொண்ணு, அவங்க அம்மா கூப்பிடற குரல்."

"மூணாவது?"

"நான் தூங்கினது."

"அதுக்கு நானே சாட்சி" என்றாள் அவள்.

"சிரிக்காதே. அந்த அலை வந்தப்ப அவர் அந்த வார்த்தையைச் சொல்லிட்டு, வாயை மூடிக்கிட்டு நின்னார். அவ்வளவு பேசற மனுஷன். பேச்சு தீர்ந்துபோற இடம் அந்த வார்த்தை. செருப்புக்கடைல போய் அதைத் தேடினா எப்படிக் கிடைக்கும்?"

வியாழக்கிழமை காலையிலிருந்து, திறப்பு வரை மூடி வைத்திருந்த ஹாலில் எலும்பு ஏறிக்கொண்டிருந்தது. இடுப்பு எலும்பு, விலா, தோள், தலை என்று எண் பார்த்து ஒவ்வொன்றாக இரும்புக் கம்பியில் மாட்டினார்கள். பின்னங்காலில் எழுந்து நின்று மரக்கிளையை இழுத்து இலை தின்கிற மாதிரி நிறுத்தலாம், நாலு காலில் நடக்கிற மாதிரியும் நிறுத்தலாம். கூரை இடிக்கும் என்பதால் நடக்கிற மாதிரி நிறுத்தினார்கள். மூன்று மணிக்கு வாலின் கடைசி எலும்பை முக்கால் மாட்டினான். ஆணியின் பையில் அட்டைக்கான காகிதம் இருந்தது. நாலு வரி எழுதியிருந்தார். முதல் வரி இருக்க வேண்டிய இடம் சுத்தமாக, வெள்ளையாக இருந்தது.

"அண்ணே, நோட்டுல குறிக்கணும்ல. எத்தனை ஆள்?" என்றான் முக்கால்.

திரும்பி அனுப்புகிற நாளுக்காக, நிறுத்தின பொருளின் அளவை உடனே குறித்து வைப்பது வழக்கம். எப்போதும் செய்கிற மாதிரியே தரையில் படுத்தார்கள். மூக்குக்கு நேரே தலை வைத்து ஏணி. அவன் காலில் தலை முட்ட ஆணி. அவர் காலுக்குக் கீழே முக்கால்.

"முடிஞ்சுதா?" என்று ஆணி கத்தினார்.

"இல்லைண்ணே! என் காலுக்கு அப்புறமும் வால் போயிக்கிட்டே இருக்கு!"

"எவ்வளவு?"

"இன்னொரு ஆளு படுத்தா அவன் இடுப்பு வரைக்கும் வரும்!"

ஆணி எழுந்திருக்கவில்லை. தலைக்கு மேலே விலா எலும்புகள் ஒரு கவிழ்த்த படகு மாதிரி நின்றன. அவர் பேசாமல் கிடந்தார். ஏணியும் பேசவில்லை. எப்போதும் வாய் ஓயாத முக்கால்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் பேச்சு தீர்ந்துபோனதை ஆணி காதால் கேட்டார். பிறகு, படுத்தபடியே பையிலிருந்து காகிதத்தை எடுத்து நெஞ்சில் வைத்து எழுத ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து டைரக்டர் அம்மாவும் மச்சானும் உள்ளே வந்தார்கள். மிருகத்தின் காலடியில் மூன்று பேர் வரிசையாகக் கிடக்கிறதைப் பார்த்ததும் டைரக்டர் அம்மா ஓடி வந்தார்.

"ஐயய்யோ! யார் மேல விழுந்துது?"

"யார் மேலயும் விழலைம்மா" என்றார் ஆணி, எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே. "மொழிபெயர்ப்பு முடிஞ்சுது."

காகிதத்தை நீட்டினார். இங்கிலீஷில் எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் முதல் பகுதி இப்படி இருந்தது: 'இதைப் பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்திய நாங்கள் மூன்று பேர், இதன் பக்கத்தில் தலையும் காலுமாக வரிசையாகப் படுத்துப் பார்த்தோம். நாலாவது ஆளுக்கு இடுப்பு வரை இடம் மிச்சம் இருந்தது. சந்தேகம் இருந்தால் நீங்களும் படுத்துப் பார்க்கலாம்.'

மச்சான் எட்டிப் படித்தான். "மாமா, மூலத்துல ஒரே ஒரு வார்த்தை. நீங்க ஒரு கதையே எழுதியிருக்கீங்க. அதுவும் எந்த அட்டைலயாவது பெட்டி பிரிச்சவங்க வருவாங்களா? அட்டை பொருளைப் பத்திச் சொல்லணும், ஆளைப் பத்தி இல்லை."

கன்னத்துச் சவரம் ஆணிக்கே கூச்சமாகப் போயிற்று. ஏணி சுத்தியலை எடுத்துத் தேவையில்லாமல் துடைத்தான்.

டைரக்டர் அம்மா காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவர் சொல்றதும் நியாயம்தான். ஒரு வார்த்தைக்கு மூணு வாக்கியம். ஏன்னு சொல்லுங்க."

"அம்மா, இருக்கிற வார்த்தை எல்லாத்தையும் கடைக்காரன் வாடகைக்கு எடுத்துட்டான். நேத்து தெருவுல போய்ப் பார்த்துட்டுத்தான் வர்றேன். இப்ப ஹியூஜ்னு எழுதினா, படிக்கிறவன் தள்ளுபடி எத்தனை சதவீதம்னு கேப்பான்."

"அந்த ஊர்க்காரர் இந்த ஸ்பானிஷ் வார்த்தையைப் படிச்சா என்ன பண்ணுவார்?"

"வாயை மூடிக்கிட்டுத் தலையைத் தூக்கிப் பார்ப்பார்."

"உங்க அட்டையைப் படிச்சா?"

ஆணி யோசித்தார். "முதல்ல தரையைப் பார்ப்பான். அப்புறம் தலையைத் தூக்குவான். சுத்து வழிதான், ஆனா அங்கேயே போய்ச் சேரும்."

டைரக்டர் அம்மா கைப்பையை மச்சானிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார்.

"சரிபார்க்காம எதையும் அச்சுக்கு அனுப்பறது இல்லை. மூணு பேரும் மறுபடி படுங்க."

படுத்தார்கள். முக்காலின் காலடியில் தலை வைத்து, நாலாவது ஆளாக டைரக்டர் அம்மா கால் நீட்டிப் படுத்தார். கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வால் எதுவரைக்கும் வருது?"

மேலதிகாரியின் இடுப்பைப் பார்த்து அளவு சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்? நின்றுகொண்டிருந்தவன் மச்சான் ஒருத்தன்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"இடுப்பு... வரைக்கும்தான் மேடம்" என்றான் மச்சான், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "சரியா இருக்கு மேடம்."

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. விலா எலும்புகளை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே கிடந்தார். எழுந்ததும் மச்சானிடம், "ஒரு எழுத்துகூட மாத்தாம அனுப்புங்க. எழுத்துப்பிழை இருந்தா மட்டும் பாருங்க" என்றார்.

பிழை இரண்டு இருந்தது. மச்சான் திருத்தினான். அதை யாரிடமும் சொல்லவில்லை, அந்த மட்டில் நல்ல பையன்தான்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு ஆணி வழக்கம்போல் பின்வாசல் வழியாக வெளியே வந்தார். வாசலில் பெண்டாட்டி நின்றாள். கையில் இஸ்திரி போட்ட சட்டை, இரண்டு டிக்கெட்.

"சட்டையை மாத்துங்க. முன்வாசல் வழியா வாங்க. இன்னிக்கு நீங்க வேடிக்கை பார்க்கிறவர்."

பத்து மணிக்குக் கூட்டம் வந்தது. ஆணி தூணோரம் நின்றார். முதலில் வந்த ஒருவர் அட்டையைப் படித்தார், தரையைப் பார்த்தார், போய்விட்டார். ஒரு ஜோடி படித்துச் சிரித்தது, போட்டோ எடுத்துக்கொண்டது, போய்விட்டது. அரை மணி நேரம் இப்படியே. ஒருவரும் குனியக்கூட இல்லை. ஆணி தூணை விட்டு நகர்ந்தார்.

"வாடி, போலாம்" என்றார். "மச்சான் சொன்னதுதான் சரி. கதை எழுதிட்டேன்."

"இருங்க. அவசரப்பட்டா தையல் கோணும்."

அப்போது ஒரு தடித்த மனிதர், பெண்டாட்டி, மாமியார் சகிதம் வந்தார். சத்தமாகப் படித்தார். "மூணரை ஆளாவது! சும்மா சொல்றான். ரெண்டு ஆளுக்கு மேல இருக்காது" என்று சொல்லிவிட்டு, யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் தரையில் மல்லாந்து படுத்தார். "நீயும் படு" என்றார் பெண்டாட்டியிடம்.

"புடவை அழுக்காகும்!"

"ஆகட்டும். எவன் சொல்றது நிஜம்னு பார்த்துடலாம்."

அவள் படுத்தாள். மாமியாரும், "எனக்கு ஒரு கை குடுங்க" என்று யாரையோ பிடித்துக்கொண்டு இறங்கிப் படுத்தாள். காவலாளி விசிலோடு ஓடி வந்தார். அட்டையை இரண்டு தரம் படித்தார். விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, "வால் இன்னும் மிச்சம் இருக்கு" என்று தடித்தவருக்குச் சொன்னார்.

தடித்த மனிதர் மேலே பார்த்தபடி, வாயை மூடிக்கொண்டு கிடந்தார்.

ஆணியின் பெண்டாட்டி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். ஆணி மூக்கை உறிஞ்சினார். மரத்தூள் என்று சொல்லிக்கொள்ள அங்கே மரத்தூள் ஏதும் இல்லை.

அதற்கப்புறம் தரை காலியாகவே இல்லை. எழுந்தவர்கள் இடத்தில் அடுத்தவர்கள். பதினொன்றரைக்கு மச்சான் ஓடி வந்தான், சட்டையெல்லாம் வியர்வை.

"மாமா! டைரக்டர் மேடம் பாய் வாங்கிப் போடச் சொல்லிட்டாங்க. செருப்பைக் கழட்டிட்டுப் படுங்கன்னு இன்னொரு அட்டை வேணுமாம். எழுதினேன், மருந்துச் சீட்டு மாதிரியே வருது. நீங்க ஒரு தடவை பாருங்களேன்."

"குடு மாப்ள, பார்க்கிறேன்" என்று ஆணி கையை நீட்டினார்.

அதற்குள் தரையிலிருந்து ஒரு குரல்: "சார், தூணோரம் நிக்கிற சார்! இங்க ஒரு ஆள் குறையுது. கொஞ்சம் வந்து படுக்கறீங்களா?"

ஆணி கண்ணாடியைக் கழற்றி மச்சானிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். முன்பின் தெரியாத ஒருவரின் காலடியில் தலையை வைத்து, கையை நெஞ்சில் கோத்துக்கொண்டு நீட்டிப் படுத்தார். பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். பெண்டாட்டி.

"வரிசை தலையும் காலுமா இருக்கணும். பக்கத்துல படுக்கக் கூடாது" என்றார்.

"நான் அளக்க வரலை" என்றாள் அவள். "கொஞ்சம் நகருங்க, நானும் மேலே பார்க்கணும்."